நொச்சி எண்ணெய்: ஒரே வேலி, இரண்டு ஆய்வறிக்கைகள், எதை நம்புவது?

கேள்வி: நொச்சிவேலி (ஹொரமாவு, பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். நறுமண எண்ணெய்களின் வேதியியலில் பழக்கமுள்ளவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியை வைக்கிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டின் பின்புறம் ஆளுயரத்திற்கும் மேலாக ஒரு நொச்சி வேலி இருக்கிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் அப்பா வீட்டுக் கிணற்றடியிலிருந்து ஒடித்து வந்து நட்ட நான்கு போத்துகள்தாம் இன்று இப்படி அடர்ந்திருக்கின்றன. பக்கத்துத் தெருவில் செடி விற்பவர் இதை ‘லக்கி கிட’ என்கிறார். கன்னடத்தில் அதுதான் பெயர். சளி பிடித்தால் ஆவி பிடிப்பதற்கும் மாலையில் கொசுவுக்குப் புகை போடுவதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்த இந்தச் செடியிலிருந்து எண்ணெய் எடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம், ஓசூரில் இருக்கும் என் நாத்தனார் சோப்புத் தயாரிக்கத் தொடங்கியபோது வந்தது. அவரிடம் 60 லிட்டர் கொள்ளளவுள்ள எவர்சில்வர் வாலை (இலையைக் கொதிக்கவைத்து எண்ணெய் வடிக்கும் கலன்) ஒன்று இருக்கிறது.

முதல் முறை, ஜூலை மாதத்தில், காலையில் பறித்த 8 கிலோ பச்சை இலையை அன்றைக்கே கொண்டுபோய் 2 மணி நேரம் வடித்தோம். ஏறத்தாழ 9 மி.லி. எண்ணெய் கிடைத்தது. அதை உடனே பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்து, எண்ணெயில் என்னென்ன பொருள்கள் எவ்வளவு இருக்கின்றன என்று காட்டும் ஜிசி-எம்எஸ் அறிக்கை வாங்கினேன். இரண்டாவது முறை, பிப்ரவரியில், நிழலில் 10 நாள் உலர்த்திய 3 கிலோ இலையை நாலரை மணி நேரம் வடித்ததில் 7 மி.லி. கிடைத்தது. அது பாதி காலியான புட்டியில் சமையலறை அலமாரியில் இரண்டு மாதம் இருந்த பிறகு, வேறோர் ஆய்வகத்திற்குப் போனது.

முதல் அறிக்கையில் பீட்டா-கேரியோஃபில்லீன் 22 விழுக்காடு, சபினீன் 18, விரிடிஃப்ளோரால் 15, டெர்பினென்-4-ஆல் 6, 1,8-சினியோல் 5, கேரியோஃபில்லீன் ஆக்ஸைடு 2 என்று இருக்கிறது. இரண்டாவது அறிக்கையில் பீட்டா-கேரியோஃபில்லீன் 19, குளோபுலால் 17, டெர்பினென்-4-ஆல் 12, கேரியோஃபில்லீன் ஆக்ஸைடு 11, லிமோனீன் 5, சபினீன் 4. விரிடிஃப்ளோரால் என்ற பெயரே அதில் இல்லை, சினியோலும் இல்லை. முதல் அறிக்கையிலோ குளோபுலாலும் லிமோனீனும் இல்லை.

இரண்டும் ஒரே வேலியிலிருந்து எடுத்தவை என்பதை நானே என் கையால் பறித்ததால் உறுதியாகச் சொல்வேன். அப்படியிருக்க, இவற்றில் எது சரியான அறிக்கை? சோப்பு உறையில் நொச்சி எண்ணெயின் கூறுகள் என்று எதை அச்சிடுவது? இரண்டாவது ஆய்வகம் வேறு யாருடைய மாதிரியையோ சோதித்துவிட்டது என்கிறார் என் கணவர். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்றாலும், சொல்வதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

பதில்: திண்ணைமருந்து (சிவாஜிநகர்)

அம்மா, வேதியியலுக்குள் போகும் முன் செடி எது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று ஒரு சித்த மருத்துவனாகச் சொல்லத் தோன்றுகிறது. நம் பேச்சில் நொச்சி என்ற பெயர் பல செடிகளுக்கு வழங்குகிறது. பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் கைவிரல் போல விரிந்து, இலையின் அடிப்புறம் சாம்பல் பூசினாற்போல் இருந்தால் அது வைடெக்ஸ் நெகுண்டோ. மூன்று சிற்றிலைகளோடு கடலோரத்தில் மிகுதியாகக் காணப்படுவது வைடெக்ஸ் ட்ரைஃபோலியா. மருந்துக் கடையில் கருநொச்சி என்று கேட்டால் கிடைப்பது இந்தக் குடும்பமே அல்லாத ஜஸ்டீஷியா ஜெண்டருஸா. நெகுண்டோவிலேயே சில கிளைகளில் மூன்று சிற்றிலைகள் வரும் என்பதால் இலையை மட்டும் வைத்து முடிவுகட்டுவதும் சரியாகாது. பூத்த கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, நாளும் இடமும் எழுதி வைத்திருங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் முதலில் செய்யும் வேலை அதுதான். வீட்டில் வடிப்பவர்கள் செய்யாமல் விடுவதும் அதுதான்.

இன்னொன்று. எண்ணெய் பிரிந்த பிறகு மிஞ்சும் நீரை என்ன செய்தீர்கள்? எங்கள் முறையில் வாலையிலிட்டு வடித்த நீருக்குத் தீநீர் என்று பெயர். ஓமத் தீநீர் தெரியாத வீடு இருக்க முடியாது. எண்ணெயில் உள்ளவற்றுள் நீரில் சற்றே கரையக்கூடியவை அதில் தங்கிவிடும் என்பதால் கொட்டிவிட வேண்டாம்.

பதில்: கண்ணாடிக்குடுவை (பீன்யா)

பத்தாண்டுகளுக்கும் மேலாக ஜிசி-எம்எஸ் கருவியோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கணவர் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்றாலும், நீங்கள் கொடுத்திருக்கும் எண்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இரண்டு அறிக்கைகளும் ஒரே செடியைத்தான் பேசுகின்றன. வேறுபாட்டில் ஒரு பங்கு வாலைக்குள் நடந்தது, ஒரு பங்கு உங்கள் சமையலறை அலமாரியில் நடந்தது, மிகவும் மிரட்டுகிற பங்கு வெறும் பெயர் வைப்பதில் நடந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் வாலை. சபினீன், டெர்பீன் என்ற மணப்பொருள் குடும்பத்தில் பத்துக் கார்பன் கொண்ட மானோடெர்பீன். அதன் கட்டமைப்பில் மூன்று கார்பன்களாலான இறுக்கமான வளையம் ஒன்று இருக்கிறது. இலைச்சாறு சேர்ந்து இலேசாக அமிலத்தன்மை அடைந்த கொதிநீரில் அந்த வளையம் உடைந்து, சபினீனின் ஒரு பகுதி டெர்பினென்-4-ஆலாகவும் காமா-டெர்பினீன் போன்றவையாகவும் மாறிவிடும். 2 மணி நேரம் வடித்தபோது சபினீன் 18, டெர்பினென்-4-ஆல் 6 என்றும், நாலரை மணி நேரம் வடித்தபோது சபினீன் 4, டெர்பினென்-4-ஆல் 12 என்றும் வந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. செடியில் இருந்ததும் புட்டியில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை நறுமண எண்ணெய் வேலையில் இருப்பவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

அதோடு, சபினீன் எளிதில் ஆவியாகிற பொருள். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் புள்ளிபுள்ளியாகத் தெரியும் எண்ணெய்க் குழிகள் இலைத்தசைக்குள்ளேயே இருக்கின்றன. நொச்சியிலோ சுரப்பிகள் இலையின் மேற்பரப்பில், மென்மயிர்களுக்கிடையே இருக்கின்றன. பத்து நாள் உலர்த்தும்போது மேற்பரப்பில் இருப்பதுதான் முதலில் பறிபோகும். நிழலில் உலர்த்தியது நல்லதே. வெயிலில் போட்டிருந்தால் இன்னும் போயிருக்கும்.

இப்போது அலமாரி. பீட்டா-கேரியோஃபில்லீன் பதினைந்து கார்பன் கொண்ட செஸ்குவிடெர்பீன். அதில் உள்ள இரட்டைப் பிணைப்புகளில் ஒன்று காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சுலபமாக ஏற்றுக்கொண்டு கேரியோஃபில்லீன் ஆக்ஸைடாகிவிடும். உலர்த்திய இலையிலும் இது நடக்கும். பாதி காலியான புட்டியில் கேட்கவே வேண்டாம், மீதிப் பாதி முழுவதும் காற்றுதானே. 2 விழுக்காடு 11 ஆனதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. ஓர் எண்ணெய் எவ்வளவு பழையது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது கருவி வரையும் வரைபடத்தில் இந்தப் பொருளுக்கு எழும் முகட்டைத்தான்.

அறிக்கையில் வரும் விழுக்காடு எடை விழுக்காடு அல்ல என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்திலுள்ள எல்லா முகடுகளின் பரப்பையும் கூட்டி, அதை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆகவே ஒன்று குறைந்தால், மற்றவை கூடாமலேயே கூடியது போலத் தோன்றும். முதல் எண்ணெயின் 100 பங்கிலிருந்து சபினீனில் 14 பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் மீதி 86. விரிடிஃப்ளோரால் 15 பங்காகவே இருந்தாலும், 15-ஐ 86-ஆல் வகுத்தால் 17.4 விழுக்காடாகக் காட்டும். போன சபினீனில் கொஞ்சம் டெர்பினென்-4-ஆலாகத் திரும்பி வந்திருக்கும் என்பதால் இது துல்லியமான கணக்கல்ல. ஆனாலும் உங்கள் இரண்டாவது அறிக்கையில் குளோபுலால் 17 என்று இருப்பதைப் பாருங்கள்.

நான் பெயர் வைப்பது என்று சொன்னது இதைத்தான். விரிடிஃப்ளோராலும் குளோபுலாலும் ஒரே அணுக்களால் ஆனவை, ஒரே மூலக்கூறு எடை, ஒரே எலும்புக்கூடு. அணுக்கள் வெளியில் திரும்பியிருக்கும் திசை மட்டுமே வேறு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறை உடைத்துத் துண்டுகளை எடைபோடுகிற கருவி. இரண்டையும் உடைத்தால் ஏறக்குறைய ஒரே துண்டுகள்தாம் கிடைக்கும். கணினியில் இருக்கும் நூலகம் (தெரிந்த பொருள்களின் துண்டுப் பதிவுகளின் தொகுப்பு) எது ஓர் இழை கூடுதலாகப் பொருந்துகிறதோ அதன் பெயரை அச்சிட்டுவிடும். சபினீன், ஆல்ஃபா-பினீன், பீட்டா-பினீன் ஆகிய மூன்றுக்கும் 93 என்ற எடையில்தான் மிகப் பெரிய துண்டு என்பதால், அங்கேயும் இதே குழப்பம் வரும்.

இதற்குத் தீர்வு தங்கு குறியீடு, அதாவது ரிடென்ஷன் இண்டெக்ஸ். பொருள் கருவியிலுள்ள, பொருள்களைப் பிரிக்கும் நுண்குழலுக்குள்ளிருந்து வெளிவர எடுத்துக்கொண்ட நேரத்தை, நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட பொருள்கள்) வெளிவரும் நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. ஒன்பது கார்பன் கொண்ட நோனேனுக்கு 900, பத்து கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 1000 என்று வைத்துக்கொள்வார்கள். நோனேன் 6.80 நிமிடத்திலும் டெக்கேன் 8.80 நிமிடத்திலும் வந்து, இடையில் ஒரு முகடு 8.18 நிமிடத்தில் வந்தால், இடைவெளியான 2 நிமிடத்தில் 1.38 நிமிடம் கடந்திருக்கிறது. அதன் குறியீடு 969. வழக்கமாகப் பயன்படுத்தும், துருவத்தன்மை குறைந்த நுண்குழலில் அது சபினீனுக்கு உரிய இடம். பீட்டா-பினீன் 974-இல் வரும். ஆய்வகம் மாறினாலும் கருவி அடுப்பின் வெப்ப ஏற்றம் மாறினாலும் நேரம் மாறும், இந்த எண் பெரிதாக மாறாது. குறியீடு இல்லாமல் நூலகப் பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்கித் தருகிற அறிக்கையை நான் முழு அறிக்கையாகக் கருதுவதில்லை.

சினியோலும் லிமோனீனும் இதே நுண்குழலில் 1026, 1024 என்று ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. பீட்டா-ஃபெல்லாண்ட்ரீனும் 1025-இல் வந்து அதே கூட்டத்தில் நெருக்கும். உங்கள் எண்ணெயில் இவை கலந்தே இருக்கலாம். ஒரு கருவி அந்த ஒற்றை முகட்டுக்குச் சினியோல் என்றும் இன்னொன்று லிமோனீன் என்றும் பெயர் போட்டிருக்கும். இதைப் பிரித்தறிவது கடினமல்ல. சினியோலின் மூலக்கூறு எடை 154, லிமோனீனுடையது 136. அந்த முகட்டுக்குள் 154 எங்கே உயர்கிறது, லிமோனீனுக்கே உரிய 68 எங்கே உயர்கிறது என்று தனித்தனியாக வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே இரண்டு ஆய்வகங்களிடமும் மூலத் தரவைக் கேளுங்கள். பணம் கட்டியிருக்கிறீர்கள், கேட்பதில் தவறில்லை. அதே நாளில் ஆல்கேன் வரிசையை ஓட்டியிருந்தால் அந்த நேரங்களையும் கேளுங்கள்.

பதில்: கோத்தகிரிவழி (ஜாலஹள்ளி)

வடிப்பவனின் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. என் மாமனார் கோத்தகிரிப் பக்கம் சிறிய வாலை ஒன்று வைத்திருந்தார். யூகலிப்டஸ் வடித்தே பழகியவர். வெளியூர்க்காரர்கள் நீலகிரித் தைலம் என்று கேட்டு வாங்கிப் போவது அதைத்தான். ஆனால் அந்த மரம் நீலகிரிக்குச் சொந்தமல்ல. 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது. மலைக்கே உரிய நறுமணப் புதர் என்றால் சோலை ஓரங்களில் வெள்ளை மணி போலப் பூக்கும் கால்தீரியா ஃப்ராக்ரன்டிஸிமாவைச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாரும் விண்டர்கிரீன் என்பார்கள். இலையைக் கசக்கினால் தசைப்பிடிப்புக்குத் தடவும் களிம்பின் வாசனை அப்படியே வரும்.

ஒரு முறை அவர் அந்த இலையை வடித்தார். ஏற்புப் பாத்திரத்தில் நீர் நிறைந்துகொண்டே இருந்தது. மேலே மிதக்க வேண்டிய எண்ணெயைக் காணோம். வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது. இலை சரியில்லை என்று சொல்லி, பாத்திரத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். கடைசியாகச் சரிந்த நீரோடு கண்ணாடி போல ஒன்று உருண்டு ஓடியதைப் பார்த்த பிறகுதான், எண்ணெய் அடியில் கிடந்தது புரிந்தது. அந்த எண்ணெய் ஏறத்தாழ முழுவதுமே மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள். அதன் அடர்த்தி 1.18, நீரைவிடக் கனம். யூகலிப்டஸ் எண்ணெய் 0.91 அளவில் மிதக்கும். வாரக்கணக்கில் அந்தச் சாக்கடை மணத்தது, வீட்டில் அதைப் பற்றிப் பேசுவது தடை செய்யப்பட்டிருந்தது.

இந்தக் கதையை நொச்சிப் பேச்சில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டர்கிரீன் இலைக்குள் மெத்தில் சாலிசிலேட் சர்க்கரையோடு பிணைந்து, மணமில்லாத பொருளாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. வடிப்பதற்கு முன் இலையை நசுக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால்தான் இலையிலுள்ள நொதி அந்தப் பிணைப்பை அறுத்து வாசனைப் பொருளை விடுவிக்கும். ஊறவைக்காமல் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், எண்ணெய் குறைந்துவிடும். ஆகவே எண்ணெயின் கூறு என்பது செடியின் குணம் மட்டுமல்ல, வடிப்பவரின் கையும் அதில் சேர்ந்திருக்கிறது. இலையை எப்போது பறித்தீர்கள், எவ்வளவு நேரம் வடித்தீர்கள் என்று எழுதாமல் ‘நொச்சி எண்ணெயில் இன்னது இவ்வளவு’ என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. விண்டர்கிரீன் எண்ணெய் சோப்புக்கு வாசனையாக இருக்கும் என்று யாரேனும் வாங்கி வைத்தால், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமம்.

பதில்: நொச்சிவேலி

அனைவருக்கும் நன்றி. மூலத் தரவு கேட்டபோது ஓர் ஆய்வகம் உடனே அனுப்பியது. இன்னொன்று ‘எதற்கு’ என்று மூன்று முறை கேட்டுவிட்டு அனுப்பியது. நல்லவேளையாக இரண்டுமே ஆல்கேன் வரிசையை ஓட்டியிருந்தன.

நேற்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டாவது ஆய்வகத்தில் பதினைந்து கார்பன் ஆல்கேன் 24.10 நிமிடத்திலும், பதினாறு கார்பன் ஆல்கேன் 26.10 நிமிடத்திலும் வந்திருக்கின்றன. அவர்கள் குளோபுலால் என்று பெயரிட்ட முகடு 25.92-இல். அதாவது 2 நிமிடத்தில் 1.82, குறியீடு 1591. முதல் ஆய்வகத்தில் அதே ஆல்கேன்கள் 31.20, 33.70. விரிடிஃப்ளோரால் என்று பெயரிட்ட முகடு 33.48-இல். 2.50 நிமிடத்தில் 2.28, குறியீடு மறுபடியும் 1591. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதமாக நானும் கணவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒரே முகட்டைப் பற்றி!

அப்படியானால் குளோபுலால் என்று எழுதிய ஆய்வகம்தான் தவறு செய்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மல்லேஸ்வரத்துப்பழையவர்

அவசரப்படாதீர்கள், அம்மா. அச்சிட்ட அட்டவணைகளில் விரிடிஃப்ளோராலுக்கு 1592 என்றும் குளோபுலாலுக்கு 1590 என்றும் போட்டிருக்கும். உங்களுக்கு வந்தது நட்டநடுவில் 1591. இரண்டாவது ஆய்வகத்தின் ஓட்டத்தில் 100 குறியீட்டு அலகுக்கு 2 நிமிடம் என்றால், அந்த இரண்டு அலகு வேறுபாடு வெறும் 2.4 வினாடி. நுண்குழல் கொஞ்சம் பழசாகியிருந்தாலே அதைவிடக் கூடுதலாக நகரும். ஆகவே இரண்டு அறிக்கைகளும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன என்பதுவரை உங்கள் கணக்கு நிரூபித்திருக்கிறது. அந்தப் பொருளின் பெயரை அது நிரூபிக்கவில்லை. நொச்சி எண்ணெயைப் பற்றிய ஆய்வுகளில் விரிடிஃப்ளோரால் அடிக்கடி வருவதால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். உறுதி வேண்டுமானால் தூய விரிடிஃப்ளோராலை உங்கள் எண்ணெயோடு சேர்த்து ஓட்டி முகடு ஒன்றாகவே உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். துருவத்தன்மை மிகுந்த வேறொரு நுண்குழலிலும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் பழங்கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெர்பீன்களின் வேதியியலுக்கு நம் பெங்களூரில் நீண்ட மரபு உண்டு. முதல் உலகப் போரால் மைசூர்ச் சந்தனக் கட்டைக்கு ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, இங்கேயே எண்ணெய் வடிக்கும் முயற்சி இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியலாளர்கள் துணையோடு தொடங்கி, 1916-இல் ஆலையாக உருவெடுத்தது. இந்தியப் பைன் மரத்தின் டர்பென்டைனில் 3-கரீனைக் கண்டறிந்த ஜான் லியோனல் சைமன்சன், முன்பு சென்னை மாநிலக் கல்லூரியில் பணிபுரிந்தவர், 1925 முதல் 1928 வரை இதே கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஜிசி என்று நாம் சொல்லும் வாயு நிறப்பிரிகை என்ற முறையே 1952-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு டெர்பீனுக்குப் பெயர் சொல்ல வேண்டுமானால், குறைந்த அழுத்தத்தில் திரும்பத் திரும்ப வடித்துப் பிரித்து, படிகமாக உறையும் ஒரு வழிப்பொருளாக மாற்றி, அதன் உருகுநிலையைப் பார்த்து, ஒளி எந்தப் பக்கம் எத்தனை பாகை திரும்புகிறது என்று அளந்து, பிறகுதான் வாயைத் திறப்பார்கள். இன்று கணினி அரை வினாடியில் பெயர் சொல்லிவிடுகிறது, நாமும் அதை எதிர்த்துக் கேட்பதில்லை.

அந்தப் பழைய அளவைகளில் ஒன்று உங்களுக்கு இன்றும் உதவும். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் ஒளிவிலகலை அளக்கும் ஆபே ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் போதும். 20 பாகை செல்சியஸில் 1,8-சினியோலின் ஒளிவிலகல் எண் 1.457, மெத்தில் சாலிசிலேட்டுக்கு 1.536. ஒவ்வொரு முறை வடித்ததும் ஒளிவிலகல் எண்ணையும் அடர்த்தியையும் குறித்து வைத்தால், எண்ணெய் பழசாகிறதா, கலப்படம் நேர்ந்ததா என்று ஆய்வகத்துக்குப் போகாமலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பதில்: கண்ணாடிக்குடுவை

ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் குளோபுலாலைத் தவறு என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, திருத்தியதற்கு நன்றி.

உறையில் என்ன அச்சிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு அறிக்கைகளின் சராசரியை எடுத்து அச்சிட வேண்டாம். அப்படி ஓர் எண்ணெய் உலகில் எங்கேயும் இல்லை. நொச்சி இலை எண்ணெய், எந்த மாதம் வடித்தது, பச்சை இலையா உலர் இலையா, வடித்த தொகுதி எண் எது என்பவற்றைப் போட்டு, கூறுகளைத் தொகுதிவாரியாகக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். துளசியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு துளசிச் செடிகளில் ஒன்றின் எண்ணெயில் யூஜினாலும் மற்றொன்றில் மெத்தில் யூஜினாலும் மேலோங்கி இருக்கக்கூடும். வேதி வகை, கீமோடைப் என்று இதைச் சொல்வார்கள். இது வடிப்பவரின் கையால் வருவதல்ல, செடியின் மரபிலேயே இருப்பது. யூஜினால் கிராம்பின் வாசனைப் பொருள். மெத்தில் யூஜினாலையோ, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்தவை என்ற 2ஏ பிரிவில் 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. உறையில் இரண்டுக்கும் துளசி எண்ணெய் என்றுதான் பெயர். கறிவேப்பிலையிலும் பினீன் மிகுந்த வகை, கேரியோஃபில்லீன் மிகுந்த வகை என்று உண்டு. உங்கள் வேலியோ நான்கு போத்துகளிலிருந்து வந்தது. நான்கும் ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒடித்தவை என்றால் மரபு வேறுபாடு இருக்காது, அது உங்களுக்குச் சாதகம். தருமபுரியில் ஒரே செடிதான் இருந்ததா என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய எண்ணெயைத் தோலில் படும் பொருளுக்குப் பயன்படுத்துவதையும் தவிர்க்கலாம். காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேறிய டெர்பீன்கள், குறிப்பாக லிமோனீனும் லினலூலும், தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை. எண்ணெயை வடித்ததும் நீரகற்றிய சோடியம் சல்ஃபேட்டை ஒரு சிட்டிகை போட்டு ஈரத்தை எடுத்துவிட்டு, கழுத்துவரை நிறையும் அளவுக்குச் சிறிய பழுப்புப் புட்டிகளில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

பதில்: கோத்தகிரிவழி

நேரத்தைப் பற்றி இன்னொரு குறிப்பு. பெங்களூரில் மாலை கட்டுபவர்கள் தவனா என்று சொல்லும் நம் மரிக்கொழுந்து புதரல்ல, ஓராண்டுச் செடிதான். ஆனாலும் அதை வடிப்பவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். டவனோன் என்ற கூறுக்காகவே அந்த எண்ணெயை வாங்குகிறார்கள் என்பதால், செடி பூத்து நிற்கும் கட்டம் பார்த்து அறுப்பார்கள். மாலைக்கு இளந்தழையாகப் பறிப்பது வேறு, எண்ணெய்க்கு அறுப்பது வேறு. நொச்சிக்கும் பூக்கும் முன், பூக்கும்போது, பூத்த பின் என்று மூன்று முறை வடித்துப் பாருங்கள். வடிக்கும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பதில்: நொச்சிவேலி

அப்பாவைத் தொலைபேசியில் கேட்டேன். கிணற்றடியில் இரண்டு செடிகள் இருந்தனவாம். எதிலிருந்து ஒடித்தார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆகவே வேலியின் இரு முனைகளையும் தனித்தனியாக வடிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். எல்லாம் பச்சை இலை, எல்லாம் 2 மணி நேரம். ஒவ்வொரு எண்ணெயையும் இரண்டாகப் பிரித்து, ஒரே நாளில் இரண்டு ஆய்வகங்களுக்கும் கொடுப்பேன். இந்த முறை குறியீடு இல்லாத அறிக்கையை வாங்கப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. மீதமிருக்கும் பிப்ரவரி எண்ணெயைச் சோப்பில் சேர்க்கவில்லை. தீநீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: நாத்தனார் அதைத் தரை துடைக்கும் நீரில் கலந்து தீர்த்துவிட்டாராம்.

திண்ணைமருந்து ஐயா சொன்னபடி இன்று காலை கிளைகளை எண்ணிப் பார்த்தேன். கிழக்கு முனையில் எல்லாம் ஐந்து சிற்றிலை. மேற்கு முனையில் ஒரு கிளையில் மட்டும் மூன்று. இரண்டு முனைகளிலும் ஊதா நிறத்தில் பூங்கொத்து வந்திருக்கிறது. இரண்டு கிளைகளையும் நறுக்கி, நாளிதழ்த் தாள்களுக்கிடையே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றியிருக்கிறேன்.